பூட்டிய வால்வு

தீப்பெட்டிக் கிட்டங்கி வாசலில் சொர்ணத்தாய் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நிற்கும் பெண்களில் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. கூரைக் குழாய் நெடுக, தீயணைப்புத் தெளிப்பான்களின் கண்ணாடிக் குமிழுக்குள் சிவப்புத் திரவம் வாசல் வெயிலில் மினுங்குகிறது. தீப்பிடித்துச் சூடேறினால் குமிழ் உடைந்து தண்ணீர் கொட்டவேண்டும். ஒன்று ஒழுகுகிறதென்று மேனேஜர் லிங்கராஜ் எல்லாவற்றுக்கும் தண்ணீர் விடும் வால்வையே அடைத்துவிட்டார். "பண்டல் நனையுதும்மா" என்கிறார். "பண்டல் நனைஞ்சா காய வச்சிரலாம் அண்ணாச்சி. நாங்க வெந்துட்டா, நனைச்சு எடுத்தா சரியாயிருமோ?" பெண்கள் சிரிக்கிறார்கள். சொர்ணத்தாய் வாசலோரம் இருக்கும் வால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் திருகித் திறக்கிறாள். காலிக் குழாய்க்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு ஏறுகிறது. அழுத்தமானியின் முள் நடுங்கி மேலே போய் நிற்கிறது. திறந்த சக்கரத்தைத் தன் சைக்கிள் பூட்டுச் சங்கிலியால் சுற்றிப் பூட்டுகிறாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒழுகுற இடத்துல வாளியை வைங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு உள்ளே போகிறாள்.