இன்னைக்கு எப்படி இருந்துச்சு?

"ஹெஸ்டர்! பாட்டு நின்னாச்சு!"

ஜோடியாக ஆடிக்கொண்டிருந்த வெண்டெல் இரண்டு கையையும் விரித்து எதிரே வந்து நின்ற பிறகுதான் ஹெஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் இரண்டு வரிசையும் அசையாமல் நின்றன. மரத்தரையில் அவள் மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தாள்.

"எங்க பண்ணைப் பசுகூட மணிச்சத்தம் நின்னா நின்னுடும்" என்றார் வெண்டெல். எல்லாருடைய வாயும் சிரிப்பில் திறந்தது. ஹெஸ்டரும் சிரித்துவைத்தாள்.

"ஆட்ட ஜோர்ல கவனிக்கல. உங்க பசுகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

ஆட்டம் சொல்லித்தரும் மார்னி சிரிக்கவில்லை. எல்லாரையும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, ஹெஸ்டரைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"முப்பது வருஷமா இந்த நடன முகாமுக்கு வர்றவங்க நீங்க. இந்தத் தடவை ஏன் புதுசா கத்துக்கறவங்க வகுப்புல பேர் குடுத்தீங்க?"

"முட்டி வலி."

"முட்டியா? உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு மூணு தடவை கூப்பிட்டேன், ஹெஸ்டர்."

ஹெஸ்டர் பைன் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்னி அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, அதே வாக்கியத்தை மறுபடி சொன்னாள்.

இனி மறைத்துப் பயனில்லை.

"மார்ச்சுல இடது காது. ஜூன்ல வலது. உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறேன். இந்த வகுப்புல நீ ஒவ்வொரு அடியையும் முதல்ல பாட்டு இல்லாம நடந்து காட்டுவே. மிச்சத்தை எதிர்ல இருக்கறவங்களைப் பார்த்து ஒப்பேத்திடலாம்னு நினைச்சேன்."

"உங்க வீட்டுக்காரர் ஆல்டனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

"ஒரே வீட்ல இருக்கறவருக்கு எப்படித் தெரியாமப் போகும்?"

"நாங்க ஒரு நாளைக்குப் பேசறதே பத்து வார்த்தை. அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே என்ன வரும்னு எனக்குத் தெரியும்."

மார்னி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினாள். ஹெஸ்டரே தொடர்ந்தாள்.

"மத்தியான வகுப்புக்கு அவர் வயலின் வாசிக்கறப்ப, பக்கத்து பெஞ்சுல போய் உக்காந்துக்கறேன். அவர் கையைப் பார்த்துத் தலையாட்டறேன். வகுப்பு முடிஞ்சதும் குளக்கரைக்கு வந்து ஒரே கேள்விதான் கேப்பார், 'இன்னைக்கு எப்படி இருந்துச்சு?'ன்னு. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அதே கேள்வி. எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சா, அப்புறம் அவர் யாருக்காக வாசிப்பார், சொல்லு?"

"நீங்க என்ன பதில் சொல்றீங்க?"

"பிரமாதம்னுதான். வேற என்ன சொல்றது?"

"இந்த வாரமுமா?"

"இந்த வாரம்தான் ரொம்ப நல்லா வாசிச்சிருக்கார். அந்தக் கையில அவ்வளவு நிதானம். கேக்கலைன்னாலும் கண்ணுக்குத் தெரியாதா?"

மார்னியின் கண்கள் நிறைந்துவிட்டன. "இன்னைக்குக் கடைசி நாள். இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். "தயவுசெஞ்சு."

தன்மேல் இவ்வளவு பரிதாபமா என்று ஹெஸ்டருக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேடையில் பியானோ, அதற்கு முன்னால் கோரா என்ற வயலின்காரி, அவளுக்குப் பக்கத்தில் ஆல்டன். நாற்பது பேர் எதிரெதிரே வந்து, கைமாற்றி, கடந்து போனார்கள். தரையின் அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. ஆல்டன் கன்னத்தை வயலினில் சாய்த்து, கண்ணை மூடி, வில்லை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். எந்தப் பாட்டு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் இருந்த பெண், இசையில் உருகுகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தாள்.

வகுப்பு முடிந்தது. படகுத்துறைப் பலகையில் காலைத் தொங்கவிட்டு அவள் உட்கார்ந்திருந்தபோது ஆல்டன் வந்தார். வயலின் பெட்டியைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

பிரமாதம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்பத்தொரு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன ஒரே பொய் இதுதான். அதை இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியாது, ஆல்டன். எனக்குக் காது கேக்கறதில்ல. ரெண்டு காதுமே போயிடுச்சு. இந்த வாரம் நீ வாசிச்சதுல ஒண்ணுகூட எனக்குக் கேக்கல. தினமும் உன்கிட்ட பொய் சொன்னேன். கோவிச்சுக்காதே."

ஆல்டன் குனிந்து வயலின் பெட்டியைத் தள்ளி வைத்தார். கோபமா, அதிர்ச்சியா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவள் பக்கத்தில் தள்ளாடி உட்கார்ந்தார். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"இந்த வாரம் நான் வாசிக்கவே இல்ல, ஹெஸ்டர். ஜூன் கடைசியிலயே ரெண்டு விரல் மரத்துப்போச்சு. வாசிச்சதெல்லாம் கோரா. நீ வந்து உக்காருவியே, காலி நாற்காலியை உனக்குக் காட்ட மனசு வராம, வில்லைத் தந்தியில படாம ஆட்டிக்கிட்டிருந்தேன். எல்லாம் தெரிஞ்சும் என் மனசு நோகக்கூடாதுன்னுதான் நீ பிரமாதம்னு சொல்றேன்னு நினைச்சேன். ஒரு நாளாவது 'நீ ஏன் வாசிக்கல?'ன்னு கேக்க மாட்டியான்னுதான் தினமும் வந்து கேட்டேன்."