சீட் பெல்ட் போட்ட மாவு

வாசலில் கார் இல்லை.

கார் இல்லாததில் தவறு ஒன்றும் இல்லை. அக்காவை அழைத்துவர மருமகன் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறார். ஆனால் காரின் பின்சீட்டில் என் மாவு இருந்தது.

ஒரு கிலோ மைதா, ஈஸ்ட் போட்டுப் பிசைந்தது. பெரிய பாத்திரத்தில், ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருபத்து நான்கு பன் அதிலிருந்துதான் வர வேண்டும்.

மாவுக்குக் காரில் என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மாவு பொங்க வெதுவெதுப்பு வேண்டும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவன் நான். எதையும் குத்துமதிப்பாகச் செய்வதில்லை. தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். மார்கழிக் குளிரில் சமையலறை இருபத்திரண்டு டிகிரி. படுக்கையறை இருபத்து மூன்று. வெயிலில் நிற்கும் கார், கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டால், சரியாக முப்பது.

பாத்திரம் சாயக் கூடாது என்று சீட் பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தேன்.

மருமகனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று, கல்யாணமான முதல் மாதமே அவருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதியவன் நான்தான்.

"போனவர் அண்ணியையும் கூட்டிட்டு, மாவையும் கொண்டுட்டுத்தானே வரப்போறார். எதுக்கு இப்படி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து தரையைத் தேய்க்கறீங்க?" என்றாள் மனைவி.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அக்காவோடு மூன்று வருடமாகப் பேசாமல் இருப்பது நானல்லவா? இன்றைக்குக்கூட அவள்தான் என்னைக் கேட்காமல் அக்காவுக்குப் போன் போட்டு வரச் சொன்னது.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் சாப்பாட்டு மேஜையில், நான் முதன்முதலாகச் செய்த பன்னை அக்கா கடித்தாள். கடிக்கப் பார்த்தாள் என்பதுதான் சரி. பிறகு அதை மேஜையில் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டி, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மருமகனுக்குப் புரையேறிவிட்டது. மனைவி மட்டும் எழுந்து சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். அதுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் அக்கா ஊருக்குக் கிளம்பும்போது நான் வாசலுக்கு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த பிடிவாதம்.

அவள் போன பிறகு மிச்சமிருந்த பன்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது. யாரோ ஒருவராவது ரகசியமாகத் தின்றிருக்கிறார்கள் என்று ஒரு சின்ன ஆறுதல்.

அதற்குப் பிறகு நாற்பத்தொரு முறை பன் செய்துவிட்டேன். அந்த முதல் பன்னிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தேதி, அளவு, நேரம், முடிவு எல்லாம் நோட்டில் இருக்கிறது. 'முடிவு' என்ற இடத்தில் கடைசி ஆறு முறையும் 'மெத்தென்று' என்று எழுதியிருக்கிறேன். அதை அக்கா வாயால் கேட்க வேண்டும். அதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதாக இல்லை.

ஐம்பது நிமிடம் கழித்துக் கார் வந்தது.

மருமகன் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல், பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டார்.

அக்கா பின்சீட்டில் இருந்தாள். பாத்திரம் அவள் மடியில் இருந்தது. முழங்கை வரைக்கும் மாவு.

"வழியெல்லாம் எழுந்து எழுந்து என் மேலயே சாஞ்சுது. ரெண்டு குத்து விட்டு உக்கார வெச்சேன். சின்ன வயசுல உன்னை பஸ்ஸுல கூட்டிட்டுப் போன மாதிரியே இருந்துச்சுடா."

பாத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். துணியை விலக்கிப் பார்த்தால், மாவு குழந்தையின் கன்னம் போல உப்பியிருந்தது. நோட்டில் எழுதினேன்: 'இரண்டாம் முறை பொங்கிய இடம் – அக்கா மடி. வெப்பம் – அளக்கவில்லை.'

சாப்பாட்டு மேஜையில் சூப்பை யாரும் தொடவில்லை. எல்லோரும் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பன்னை இரண்டாகப் பிய்த்தாள். ஆவி வந்தது. தின்றாள். இரண்டாவதைத் தின்றாள். மூன்றாவதை எடுக்கும்போது மருமகன் கூடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். நான்காவது முடிந்து, விரலைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பஞ்சு மாதிரி இருக்குடா."

எனக்கு ஒன்றுமில்லாதது போல சூப்பைக் கலக்கினேன். கரண்டிதான் கிண்ணத்தில் இடித்துச் சத்தம் போட்டது.

"ஆனா எனக்கு அந்தப் பழைய மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள். "அன்னிக்குக் கிளம்பறப்போ ஒண்ணைப் பையில போட்டுக்கிட்டேன். மூணு வருஷமா எங்க வீட்டுப் பின்கதவு அதாலதான் நிக்குது. எலிகூட வாய் வைக்கலை. போன மாசம்தான் ஓரம் உதிர ஆரம்பிச்சிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மருமகன் முன்னெச்சரிக்கையாகத் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். மனைவி சமையலறைக்குப் போக நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள்.

நான் போய் நோட்டை எடுத்துவந்தேன். முதல் பக்கத்தைத் திருப்பினேன். அளவு, நேரம் எல்லாம் தெளிவாக இருந்தது. கூடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். ஓவன் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

மூன்று வருடத்தில் முதல்முறையாக அக்காவிடம் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணு போதுமா, முன்கதவுக்கும் சேர்த்துப் போடவா?"