வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது

"என் மாடலை மாற்றி, விநியோகித்திருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள். யார் யாருக்கு அனுப்பினீர்கள்? முழுப் பட்டியல் இன்றே வேண்டும்."

கீழே ஒரு போன் நம்பர். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது.

படித்ததும் போனைக் கணவரிடம் நீட்டினேன்.

நான் செய்தது இவ்வளவுதான். என் பையனுக்கு நாலு வயது. விரல்கள் மடங்காது, ஸ்பூன் நிற்காது. கையில் மாட்டிக்கொள்ளும் ஒரு பிடியின் த்ரீடி மாடல், இணையத்தில் ஒருவரிடம் இலவசமாகக் கிடைத்தது. எங்கள் தெரு பிரிண்ட் கடையில் கொடுத்து, பிளாஸ்டிக்கில் அச்சடித்து வாங்கினேன்.

முதல் நாளே பையன் தானே சாப்பிட்டான். பாதி வாயில், பாதி மூக்கில். நான் அழுதேன்.

அந்த சந்தோஷத்தில், பையன் போகும் பயிற்சி மையத்து அம்மாக்கள் குரூப்பில் மாடலைத் தூக்கிப் போட்டேன். முப்பத்தெட்டு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

"அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார் கணவர்.

"நம்ம குரூப்ல ஒருத்தி நன்றி சொல்றேன்னு அவருக்கே போட்டோ அனுப்பியிருக்கா. என் பேரு, நம்பர் எல்லாம் சேர்த்து."

"நன்றி சொல்லியே மாட்டிவிட்டுட்டாளா! சரி, ஓசியில குடுத்ததுக்கு எதுக்கு இவ்வளவு அதிகாரம்? கடைஞ்செடுத்த கஞ்சனா இருப்பான் போல."

வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, எடுக்கும்போது நிபந்தனை ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு போல. 'ஒப்புக்கொள்கிறேன்'னு அமுக்கிட்டேன்."

"படிக்காமயா?"

"யாருடி படிக்கிறா?"

அவளே தேடிப் படித்தாள். "'சொந்த உபயோகத்துக்கு மட்டும். மாற்றக் கூடாது. வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. வேண்டுபவர்கள் என்னிடமே கேட்கவும்.' கல்லு மாதிரி எழுதி வச்சிருக்காரு. மாத்தினது ஒரு தப்பு, பரப்பினது இன்னொண்ணு. பேசாம லிஸ்ட்டைக் குடுத்துட்டு நீங்க கழண்டுக்கோங்க."

"அவங்களும் என்னை மாதிரி அம்மாதானே?"

"கேஸ்னு வந்தா அம்மாவாவது, ஆட்டுக்குட்டியாவது!"

பரீட்சையில் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்த்தாலே சிஸ்டர் முழங்காலில் நிறுத்தும் பள்ளியில் படித்தவள் நான். ஆனால் அங்கேயும் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தது கிடையாது.

நம்பரை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், தப்பு என்னோடதுதான். நீங்க கேஸ் போட்டா என் மேல போடுங்க. மத்தவங்க பேரை மட்டும் தர மாட்டேன்."

"அது இருக்கட்டும். மாடலைச் சின்னதாக்கினீங்களா?"

"பையனுக்குக் கை சின்னது சார். கடைக்காரர்கிட்ட சொல்லி எண்பது சதவீதமாக்கினேன்."

"அதைத்தான் எல்லாருக்கும் அனுப்பினீங்களா?"

"ஆமா."



"இப்ப பையன் கையில இருக்கா அது?"

திரும்பிப் பார்த்தேன். பையன் மேசையில் உட்கார்ந்து, பிடியின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல அதை வாங்குங்கம்மா. ஸ்பூனைப் பிடிக்கிற கொக்கி இருக்கே, அதோட கழுத்தைப் பாருங்க."

பிடுங்கினேன். அவன் வீறிட்டான். நீலப் பிளாஸ்டிக்கில், கொக்கியின் கழுத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. விரலால் லேசாகத் தள்ளினேன்.

மளுக்கென்று உடைந்து கையில் விழுந்தது. பட்டாணி அளவு.

"உடைஞ்சிடுச்சு சார்..."

"மொத்தமா சுருக்கினா கொக்கியும் மெலிஞ்சிடும்மா. போட்டோவுல பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. பதறிப்போய் எழுதினேன், அதான் மரியாதையில்லாம வந்துடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க. உடனே குரூப்ல போடுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

போட்டேன். கணவரின் போனிலிருந்து ஒவ்வொருத்தியாகவும் கூப்பிட்டேன். ஒருத்தி, "ஐயோ, பொண்ணு இப்பதான் அதை வாய் வரைக்கும் கொண்டு போனா" என்று பாதியிலேயே போனை வைத்துவிட்டு ஓடினாள். முப்பத்தெட்டாவது அம்மாவும் "எடுத்துட்டேன்" என்று சொன்ன பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர் லைனில்தான் இருந்தார்.

"எல்லாரும் எடுத்துட்டாங்க சார். இப்ப அந்தப் பட்டியல்..." என்று இழுத்தேன். "நீங்க கேட்டா தந்துடறேன்."

"எச்சரிக்கத்தான் கேட்டேன், இனிமே பேரெல்லாம் எனக்கு எதுக்கும்மா? ஒவ்வொரு குழந்தையோட உள்ளங்கை அகலத்தையும் அளந்து அனுப்பச் சொல்லுங்க. எல்லாத்தையும் தனித்தனியா வரைஞ்சு தர்றேன். உங்க பையனுக்கு முதல்ல."

"அத்தனையுமா? எவ்வளவு ஆகும் சார்?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருதடவை அளவு அனுப்பணும். வேற யாருக்கும் அனுப்பாதீங்க, என்கிட்டயே கேளுங்கன்னு அதுக்குத்தான் எழுதி வச்சேன். பிள்ளைங்க கை வளருமில்ல?"