வெண்மதி போட்ட முடிச்சு

வெண்மதியின் கவுன் நாடாவும் அவள் அம்மா மஞ்சுவின் முந்தானையும் சேர்த்து இறுக்கமாக முடிச்சுப் போடப்பட்டிருந்தன. ஒன்பது வயதுப் பெண்ணை மாட்டைப் போலக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்களே என்று பாரதிக்குக் கோபம்தான் வந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதித்துச் சொல்ல மாதம் ஒருமுறை செஞ்சிக்கு வருகிற உளவியலாளர் அவள்.

“ஓடிடுவான்னு கட்டி வச்சிருக்கீங்களா?”

“நாங்க கட்டலீங்க. அதுவே கட்டிக்குது,” என்றாள் மஞ்சு. “அவுத்து வுட்டா மறுபடியும் கட்டிக்குது. தூங்கறப்பகூட இப்பிடித்தான்.”

“எப்பலேர்ந்து?”

“போன அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸ வுட்டு எறங்கறதுக்கு முன்னாடியே கட்டிக்கிச்சு.”

“கூட்டத்தைப் பாத்து பயந்துக்கிச்சு மேடம்,” என்று அவள் புருஷன் வீரமணி குறுக்கே வந்தான். அவன் மினி பஸ் கண்டக்டர். அமாவாசைக் கூட்டம் எப்படி நெரிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாரதி தலையாட்டினாள். இந்தப் பிள்ளைகளுக்குச் சத்தமும் நெரிசலும் ஆகாது என்பது அவள் படித்த பாடம். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

வந்த காரியத்தை வீரமணி சுற்றி வளைக்காமல் சொன்னான். முன்பு ஒரு முகாமில் வெண்மதிக்குப் புத்தியே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இனி அனுப்பாதீர்கள் என்றார்கள்.

“விழுப்புரத்தாண்ட ஒரு ஹோம் இருக்குது. நீங்களும் அதையே எழுதிக் குடுத்துட்டா அங்கேயே வச்சுக்கறேன்னு சொல்றாங்க. அதோட எங்களுக்கும் இந்த டென்ஷன் வுட்டுது.”

“முகாம்ல எப்படி டெஸ்ட் பண்ணாங்க?”

“உன் பேர் இன்னா, இது இன்னா கலரு, அது இன்னா மிருகம்னு கேட்டாங்க. இதுக்குத்தான் பொறந்ததுலேர்ந்து பேச்சே கெடையாதே. முட்டை போட்டுட்டாங்க.”

“பேச்சு வராத பிள்ளையப் பேசச் சொல்லி மார்க் போட்டிருக்காங்க.” யாரைத் திட்டுவது என்று தெரியாமல், பாரதி மேசை டிராயரைப் படாரென்று இழுத்தாள்.

“எப்பிடி கேட்டாலும் அவ்ளோதான் மேடம். இது மரக்கட்டை. எதிர்ல ஒக்காந்து இன்னா பேசினாலும் ஒண்ணும் ஏறாது.”

மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சொன்னான். அந்த வீட்டில் எல்லாமே அவளை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். மஞ்சு எதிலும் பட்டுக்கொள்ளாமல் சுவரைப் பார்த்திருந்தாள். அழுது அழுது மரத்துப்போனவள். எதை எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள் போலிருந்தது.

பாரதி வண்ணக் கட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினாள். வாயே திறக்காமல், அட்டையில் இருந்த கோலத்தைப் போல ஒன்றை அடுக்கிக் காட்டினாள். பிறகு கலைத்துவிட்டு, வெண்மதி பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள்.

வெண்மதி ஜன்னலைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். வீரமணி “பாத்தீங்களா” என்று ஆரம்பிப்பதற்குள் அவள் வலது கை கட்டைகளுக்குப் போனது. இடது கை முடிச்சை விடவேயில்லை. ஒற்றைக் கையாலேயே அடுக்கி முடித்தாள்.

அடுத்த அட்டை, அதற்கடுத்த அட்டை. கடினமாகிக்கொண்டே போன எதற்கும் அவள் அசரவில்லை.

கடைசியாகப் படங்களை வைத்தாள் பாரதி. தான் ஒரு வாக்கியம் சொல்வாள், அதற்குரிய படத்தைத் தொட்டால் போதும்.

“பையன் குடையை மறந்து வச்சிட்டு பஸ் ஏறிட்டான்.”

வெண்மதி பாரதியின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் விரல் சரியான படத்தில் போய் நின்றது. எல்லா வாக்கியத்துக்கும் அப்படியே.

பாரதி கூட்டிப் பார்த்தாள். சரிபார்க்க மறுபடியும் கூட்டினாள்.

“உங்க பொண்ணுக்கு அறிவுல ஒரு குறையும் இல்ல. அவ வயசுப் பிள்ளைங்களைவிட ஒரு படி மேலதான் இருக்கா. பேச்சு வரல, அதுதான் பிரச்சினை. ஹோமெல்லாம் வேணாம். பள்ளிக்கூடத்துல சேத்துக்கச் சொல்லி நானே எழுதித் தரேன்.”

வீரமணி வாயைப் பிளந்தான். “அப்ப நாம பேசறதெல்லாம் வெளங்குதா மேடம்?”

“நல்லாவே வெளங்குது. மூஞ்சியப் பாக்கலைன்னா காதுல வாங்கலைன்னு நீங்களா நெனச்சுட்டீங்க.”

வீரமணிக்குத் தலைகால் புரியவில்லை. “எங்கம்மா, நைனாகிட்ட வா,” என்று இரண்டு கைகளையும் நீட்டினான். வெண்மதி போகவில்லை. அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, முடிச்சை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினாள்.

மஞ்சு அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை.

“நல்ல சேதிதானேம்மா சொல்லியிருக்கேன்?” என்றாள் பாரதி.

மஞ்சு மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

“அப்போ, இவளக் கோயில் கூட்டத்துல வுட்டுட்டு வந்துடலாம்னு அன்னிக்கி பஸ்ல நாம பேசிக்கினது இவளுக்குப் புரிஞ்சிருக்குது.”