கடைசி வரி

டைப்பிஸ்ட் ராஜமாணிக்கம் சொன்ன இந்தக் கதையை ஐந்து வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. நம்பவிடாமல் தடுத்தது புத்தியா, பொறாமையா என்றும் தெரியவில்லை.

2007. கடலூர் கோர்ட்டில் சீனியர் வக்கீல் பஞ்சநாதத்திடம் என்னோடு ஜூனியராக இருந்தவள் தாட்சாயிணி. சிதம்பரத்துப் பெண். லண்டனில் எல்.எல்.எம். படிக்க விண்ணப்பித்திருந்தாள். சீனியரின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் இடம் கிடைக்காது.

சீனியரோ கடுப்பில் இருந்தார்.

முந்தின வாரம் ஜட்ஜ், "சீனியர் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "வேற கோர்ட்ல இருக்காருங்கய்யா" என்பதுதான் எங்கள் வழக்கம். இவள், "நெல்லிக்குப்பத்துல கல்யாணத்துக்குப் போயிருக்காருங்கய்யா" என்றுவிட்டாள்.

"இந்த சத்தியவாக்குக்கு லெட்டர்தானே? குடுக்குறேன். படிச்சிட்டு லண்டன்காரன் கேட்டைச் சாத்திடுவான்" என்றார் சீனியர், பார் ரூமில் எல்லோர் முன்னாலும்.

சிரித்தோம். நானும்தான்.

அன்று சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல ராஜமாணிக்கம் டைப் அடித்தான். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த சீனியர், அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

"எப்படிய்யா?" என்று ராஜமாணிக்கத்தைக் கேட்டேன்.

"ஐயாவுக்கு வாய்தான் சார் ஜாஸ்தி. லெட்டர்ல அந்தப் பொண்ணைத் தூக்கி வச்சிட்டாரு. நேர்மை அதுகூடவே பொறந்ததுன்னாரு."

பஞ்சநாதமா? எந்த ஜூனியரையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை.

போன மாதம் பார் ரூமில் சீனியரின் படத்திறப்பு. தாட்சாயிணி வந்து பேசினாள்.

"சார் எழுதின லெட்டரை அங்க எனக்குக் காட்டினாங்க. நம்ம கோர்ட் மனு மாதிரியே முடிச்சிருந்தார். 'மேற்படியாருக்கு இடம் அளித்து நீதி வழங்கும்படி பிரார்த்திக்கிறேன்'னு. ப்ரொஃபசர் சிரிச்சிட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை.

எந்த மனுவிலும் அந்தப் பிரார்த்தனை வரியைச் சீனியர் வாயால் சொன்னதே கிடையாது. ராஜமாணிக்கம்தான் பழக்கத்தில் தானாகச் சேர்த்து அடிப்பான்.

அவன் கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்:

"ஏன்யா, அந்த லெட்டர்ல கடைசி வரி மட்டும்தான் உன்னுதா?"