ஏலிக்குட்டியின் இடது முழங்கால்

பாலா நகரில் இருக்கும் என் பிசியோதெரபி நிலையத்துக்கு ஏலிக்குட்டி வந்தபோது அவளுக்கு அறுபத்திரண்டு வயது. மூட்டுத் தேய்மானத்தால் இடது முழங்கால் எண்பது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. மாதா கோயிலில் ஒருமுறையாவது முட்டிபோட்டு ஜெபிக்க வேண்டும் என்றாள்.

குப்புறப் படுத்திருக்க, இன்னொருவர் கணுக்காலைப் பிடித்து மெல்ல மடக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் உதவிக்கு ஆள் உண்டா என்று கேட்டேன்.

"அவரு இருக்காருல்ல? ஆயுசுக்கும் எனக்கொரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்ததில்ல. இதையாவது செய்யட்டும்" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் நூறு டிகிரி. அதற்கடுத்த வாரம் நூற்று முப்பது. தேய்ந்த மூட்டு அத்தனை வேகத்தில் மடங்காது. கணுக்காலில் ஐந்து விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன.

"மெதுவா மடக்கச் சொல்லுங்க சேச்சி."

"சொன்னேன் மகளே. கேக்க மாட்டேங்கிறாரு."

நானே அவரிடம் பேசுவதாக, வெளியே காத்திருந்த பக்கத்து வீட்டு சாலியிடம் சொன்னேன்.

"யாருகிட்ட? சேச்சியோட வீட்டுக்காரர் குரியாச்சனை அடக்கம் பண்ணி நாலு வருஷமாச்சு டாக்டர். சேச்சி தனியாத்தான் இருக்காங்க" என்றாள் சாலி.

பயிற்சியை நிறுத்தும்படி ஏலிக்குட்டியிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

திங்கட்கிழமை காலை சாலி என்னை ஏலிக்குட்டியின் வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஏலிக்குட்டி கட்டிலில் குப்புறக் கிடந்தாள். இடது குதிகால் தொடையோடு ஒட்டியிருந்தது. நானும் சாலியும் சேர்ந்து இழுத்தோம். கால் ஒரு விரற்கடைகூட நிமிரவில்லை.

"இழுக்காதீங்க" என்றாள் ஏலிக்குட்டி, தலையணையில் முகம் புதைந்தபடியே. "இழுத்தா அவரு இன்னும் அமுக்குவாரு."