முப்பது வருட நாடா

துறைமுக வயர்லெஸ் நிலையத்தின் பழைய சர்வர் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தபோது, அதில் பதிவாகியிருந்த அபாய அழைப்புக் குரல்களை எதில் ஏற்றி வைப்பதென்று நிலைய ஆபரேட்டர் இஞ்ஞாசி மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். ஹார்ட் டிஸ்க் ஐந்து வருடம் தாங்கினால் அதிசயம். சிடியை உப்புக்காற்று தின்றுவிடும். காந்த நாடாதான் முப்பது வருடம் கெடாது என்றார்கள். கடலில் தவித்தவர்களின் குரலைக் கண்டவனும் கேட்கக் கூடாதென்று, நீளமான பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி நாடாவில் ஏற்றினார். சர்வரைத் துடைத்து எடைக்குப் போட்டார். பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்த கோப்பும் அந்தச் சர்வரில்தான் இருந்தது, அதுவும் குரல்களோடு நாடாவில் ஏறிப் பத்திரமாகப் பூட்டுக்குள்ளேயே போய்விட்டது என்பது பிறகுதான் உறைத்தது.

வருடா வருடம் கடலோடு போன மகனின் கடைசி வயர்லெஸ் அழைப்பைக் கேட்க வரும் அமலோற்பவம் இந்த வருடமும் வந்து உட்கார்ந்தாள். இஞ்ஞாசி உள்ளங்கையளவு நாடாப் பெட்டியை அவள்முன் வைத்தார்.

“இதுக்குள்ளயா இருக்கான்?”

“இதுக்குள்ளதான்மா. முப்பது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்போ போடுங்க தம்பி.”

அவளே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு கண்களை மூடினாள். இஞ்ஞாசியின் கை பெட்டியின் மேலேயே கிடந்தது; ஹெட்போனில் எதுவும் ஓடவில்லை. சிறிது நேரத்தில், ஒவ்வொரு வருடமும் அழுகிற அதே இடத்தில் அவள் அழத் தொடங்கினாள்.